பதினாலாம் பிரிவும் ஆறு கோழிகளும்

கொம்பி வேன் நின்றதும் கண்டக்டர் ஒற்றை டாலர் நோட்டை நீட்டினான். "இந்தாங்க, கோழிக்கூடை அக்காவுக்கும் டை கட்டின சாருக்கும் சேர்த்து" என்று சொல்லிவிட்டுக் கதவை இழுத்துச் சாத்தினான். வண்டி புகையைக் கக்கிக்கொண்டு போய்விட்டது.

முத்தாரே ஊரில் இந்தத் தீர்ப்புக்கு மேல்முறையீடு கிடையாது. டிக்கெட் அரை டாலர். எல்லாரும் கொடுப்பதோ முழு டாலர். அரை டாலர் சில்லறை என்ற வஸ்துவைப் பார்த்த கண்டக்டர் யாரும் இல்லை. ஆகவே ஒரே நிறுத்தத்தில் இறங்குகிற இருவரைப் பிடித்து ஜோடி சேர்த்து, கையில் ஒரு டாலரைத் திணித்து, இனி உங்கள் பாடு என்று விட்டுவிடுவார்கள். ஜோடி சேர்ந்தவர்கள் பக்கத்துக் கடையில் ஆளுக்கு அரை டாலருக்குச் சோளப்பொரி வாங்கிக்கொண்டு பிரிவார்கள். பசி இல்லாதவர்களும் பல் இல்லாதவர்களும்கூட வாங்குவார்கள். அந்த நிறுத்தத்தில் பொரி விற்கிறவன் இரண்டாவது வீடு கட்டிக்கொண்டிருக்கிறான்.

முச்சனேட்டாவுக்கு அன்று பொரி கொறிக்க நேரமில்லை. தலைமேல் கூடையில் ஆறு நாட்டுக்கோழிகள் இருந்தன. மலையடி ஹோட்டல் சமையல்காரரின் பின்னால் எட்டு மாதம் அவள் நாயாய் அலைந்த பிறகு, கடைசியில் அந்த மனிதர் மனம் இறங்கி வந்திருந்தார். வெள்ளிக்கிழமை பன்னிரண்டு மணிக்குள் ஆறு கோழி வந்து சேர்ந்தால் இனி வாராவாரம் அவளிடமே வாங்குவது, ஒரு நிமிஷம் தாமதித்தாலும் வேறு ஆளைப் பார்ப்பது என்று பேச்சு. இன்றுதான் அந்த வெள்ளிக்கிழமை.

"சார், சட்டுனு சொல்லுங்க. பொரியா, வாழைப்பழமா?" என்றாள். நோட்டின் ஒரு ஓரம் அவள் கையில் இருந்தது, மறு ஓரம் டை கட்டியவர் கையில்.

"எதுக்கும்மா வீண் செலவு? டாலரை நான் வெச்சுக்கறேன். உங்க பங்குக்குப் புதுநோட்டு தர்றேன். வாரிய ரேட்டுப்படி ஆறு."

சட்டைப்பையிலிருந்து நாட்டின் சொந்தச் செலாவணியில் ஆறு நோட்டுகளை எடுத்தார். ஒவ்வொன்றிலும் நிரம்பி வழியும் தானியக் களஞ்சியம் படமாக இருந்தது. வெளியாகி இரண்டு வருடமாகியும் ஒரு மடிப்புக்கூட விழவில்லை. ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்குப் போயிருந்தால்தானே மடிப்பு விழும்?

முச்சனேட்டா வாய்விட்டுச் சிரித்துவிட்டாள். "நல்லா இருக்கே கதை! இந்த ஆறையும் குடுத்தா எந்தக் கடைக்காரனும் ஒரு முட்டை ஓடுகூடத் தரமாட்டான். படம் போட்டிருக்காங்களே களஞ்சியம், அதை யாராச்சும் திறந்து பாத்தாங்களா சார், உள்ள ஏதாவது இருக்கான்னு?"

அவருக்குக் கோபம் வரவில்லை. முகம் மலர்ந்தது. ஆறு நோட்டுகளையும் பையில் போட்டுவிட்டு அதே கையால் ஒரு குறிப்பேட்டை எடுத்தார்.

"இப்ப சொன்னீங்களே, அதை இன்னொரு தடவை நிதானமா சொல்லுங்கம்மா. எழுதிக்கிறேன்."

அவர் பெயர் நியாகுத்யா. செலாவணி நம்பிக்கை வாரியத்தில் இரண்டாம் நிலை ஆய்வாளர். புதுநோட்டை வாங்க மறுப்பது, மறுக்கும்போது சிரிப்பது, நோட்டிலுள்ள படத்தைப் பற்றிச் சந்தேகம் எழுப்புவது ஆகிய மூன்றும் பதினாலாம் பிரிவின்படி குற்றம். முச்சனேட்டா மூன்றையும் ஒரே மூச்சில் செய்து முடித்திருந்தாள்.

"அப்போ நீங்க மட்டும் கண்டக்டருக்கு டாலர் குடுத்தீங்களே?" என்றாள் அவள்.

"அது பணி நிமித்தம். புதுநோட்டை நீட்டியிருந்தா அவன் என்னை ஏத்தியிருக்க மாட்டான். ஏத்தலைன்னா ஊரை எப்படிக் கண்காணிக்கிறது?"

"அவன் மேல கேஸ் போட வேண்டியதுதானே?"

"போட்டா நாளைக்கு எதுல ஆபீஸ் போறது?" என்றார் நியாகுத்யா, மிகவும் நியாயமான குரலில்.

அந்த டாலர் இப்போது சான்றுப்பொருள். அதைக் கைவிட அவருக்குச் சட்டம் இடம் கொடுக்கவில்லை. பாதி தன்னுடையது என்பதால் அவளுக்கு மனம் இடம் கொடுக்கவில்லை. ஆகவே இருவரும் ஆளுக்கொரு ஓரத்தைப் பிடித்தபடி கடைத்தெரு வழியாக வாரியத்துக்கு நடந்தார்கள். கல்யாணம் எப்போது என்று பலர் கேட்டார்கள்.

நியாகுத்யாவைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். நாட்டிலேயே புதுநோட்டை மனசார நம்பிய ஒரே மனிதர் அவர்தான். தனக்கு நிச்சயித்த பெண்ணின் வீட்டாருக்குப் பரிசப் பணத்தை அந்த நோட்டிலேயே கொண்டுபோனார். பெண்ணின் அப்பா அதை எண்ணிப் பார்க்காமலே திருப்பி நீட்டி, மாடு ஓட்டி வரச் சொன்னார். நியாகுத்யா அங்கேயே உட்கார்ந்து வருங்கால மாமனார்மேல் வழக்கு எழுதினார். அவருக்கு இன்னும் கல்யாணம் ஆகவில்லை.

வாரியத்தின் இரும்பு வாசலில் டொபாய்வா என்ற காவலாளி நின்றிருந்தார். சீருடை அவரைவிட இரண்டு சுற்றுப் பெரியது. "கோழிக்குத் தண்ணி வேணுமாக்கா?" என்று ஒரு தகரக் குவளையில் கொண்டுவந்து வைத்தார். அந்தக் கட்டடத்தில் அன்று முழுக்க அவளிடம் யாரும் கேட்ட உருப்படியான கேள்வி அது ஒன்றுதான்.

உள்ளே நடைமுறை மூன்று கட்டமாக இருந்தது. முதலில் பாடம், பிறகு செய்முறைப் பயிற்சி, கடைசியில் அபராதம். பணம் என்றால் என்னவென்று தெரியாதவரிடம் பணம் பறிப்பது அநாகரிகம் என்று வாரியம் கருதியது.

பாடம் நடத்துபவர் டாக்டர் கச்சிங்வே. பணத்தின் தோற்றம் பற்றி வெளிநாட்டில் பதினோரு வருஷம் ஆராய்ந்தவர். படிப்பணத்தை எண்ணி வாங்காமல் அவர் வாய் திறப்பதில்லை, அதையும் டாலரில்தான் வாங்குவார். அன்று பார்த்துக் காசாளர் பெட்டியில் ஒரு டாலர் குறைந்தது. காசாளர் அம்மாள் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, இருவர் பிடியிலும் இருந்த நோட்டை லாகவமாக உருவி டாக்டரிடம் கொடுத்தார்.

"மேடம், அது சான்றுப்பொருள்!" என்று பதறினார் நியாகுத்யா.

"ரசீது போட்டுத் தர்றேன்."

"அதுல பாதி என்னோடது!" என்றாள் முச்சனேட்டா.

"பணங்கிறது சொத்து இல்லம்மா. அது ஒரு சமூக உறவு" என்றபடி டாக்டர் அந்தச் சமூக உறவைப் பைக்குள் போட்டுக்கொண்டு பாடத்தை ஆரம்பித்தார். நாற்காலிகள் நிறைய இருந்தன. மாணவி ஒருத்திதான். கூடைக்குள்ளிருந்து ஆறு பேர் எட்டிப் பார்த்தார்கள்.

"ஆதியில மனுஷன்கிட்ட பணமே கிடையாது. கோழி வெச்சிருந்தவனுக்கு உப்பு வேணும். உப்பு வெச்சிருந்தவனுக்குக் கோழி வேண்டாம், மண்வெட்டி வேணும். மண்வெட்டிக்காரனுக்கு ரெண்டுமே வேண்டாம், அவனுக்குக் கல்யாணம் ஆகணும். இப்படி ஒருத்தனை ஒருத்தன் தேடித் தேடியே எல்லாரும் அழிஞ்சு போனாங்க."

"அழிஞ்சு போயிட்டா நாமெல்லாம் எப்படி சார் வந்தோம்?" என்றாள் முச்சனேட்டா. அவளுக்கு உண்மையாகவே புரியவில்லை.

"கேள்வியெல்லாம் கடைசியில. அப்புறம் மாடு பணமாச்சு. மாடு செத்துப்போற ஜாதி. அதனால சோழி வந்துச்சு, செம்பு வந்துச்சு, வெள்ளி, தங்கம். தங்கம் கனமா இருக்குன்னு காகிதம். இதுல நீங்க கவனிக்க வேண்டியது என்னன்னா, பணம் படிக்குப் படி மெலிஞ்சுக்கிட்டே வருது. கடைசிப் படியில அதுக்குப் பின்னால ஒண்ணுமே இருக்கக்கூடாது. சுத்தமான நம்பிக்கை மட்டும்தான். பெரிய பெரிய நாடெல்லாம் அந்தப் படிக்கு இன்னும் வந்து சேரலை. நாம வந்துட்டோம்!"

கைதட்டலுக்காகச் சற்று நிறுத்தினார். ஒரு கோழி கொக்கரித்தது.

"அந்த நம்பிக்கைக்கு என்ன சார் ஆதாரம்?"

"சட்டம். பதினாலாம் பிரிவு. நம்பாதவங்களுக்கு இருபது டாலர் அபராதம். சட்டத்துக்குப் பின்னால வாரியம் இருக்கு. வாரியத்துக்குப் பின்னால என்ன இருக்குன்னு கேப்பீங்க..."

"ஜெனரேட்டர்" என்றாள் முச்சனேட்டா. வரும் வழியில் பார்த்திருந்தாள்.

டாக்டர் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

"நீங்க மட்டும் ஏன் சார் டாலர்ல சம்பளம் வாங்கறீங்க?" என்று அவள் அடுத்த கேள்வியைப் போட்டாள். நேரம் ஓடிக்கொண்டிருந்தது. கேள்வி கேட்டால் பாடம் சீக்கிரம் முடியும் என்று அவளுக்கு ஒரு கணக்கு.

"நல்ல கேள்வி. நான் இதை ஆராய்ச்சி பண்றவன்மா. வைத்தியம் பாக்கறவனுக்கே நோய் தொத்திக்கிட்டா நாளைக்கு யார் வைத்தியம் பாக்கறது?"

நாட்டின் செலாவணியை நோய் என்று சொல்லிவிட்டோம் என்பது அவருக்கு உறைக்கவில்லை. கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்த நியாகுத்யாவுக்கு உறைத்தது. பேனா மூடியைத் திறந்தார், டாக்டர் தன்னைவிட நான்கு படி மேலே இருப்பவர் என்பது நினைவுக்கு வந்தது, மூடிவிட்டார். அன்று காலை அவர் செய்த முதல் தவறு அதுதான், அது அவரை உறுத்திக்கொண்டே இருந்தது.

செய்முறைப் பயிற்சிக்கு இயக்குநர் சிரொங்கோமா நேரிலேயே வந்தார். வழக்கமாக வரமாட்டார். கோழிச் சத்தம் மாடிவரை கேட்டிருக்கிறது.

"தங்கச்சி, வெறும் பாடம் மண்டையில நிக்காது" என்றார், கூடைக்குள் விரலை விட்டு ஒரு கோழியின் மார்பை அழுத்திப் பார்த்தபடி. "புதுநோட்டை வாங்கிப் பழகணும். நீங்க ஒரு பொருளை விப்பீங்க, வாரியம் வாங்கும். பயம் தெளிஞ்சிடும். நல்ல கொழுத்த கோழியா இருக்கே! பட்டியல்ல என்ன விலை?"

வாரியத்தின் விலைப் பட்டியலில் கோழி ஒன்று நாற்பது. இரண்டு வருஷத்துக்கு முன் புதுநோட்டு வெளியான அன்று போட்ட விலை அது. நோட்டு அதன் பிறகு பலமுறை விழுந்தெழுந்து, கடைசியாக விழுந்தபோது எழவே இல்லை. பட்டியல் மட்டும் அப்படியே நின்றது.

"சார், இது விக்கறதுக்கில்லை. ஹோட்டலுக்குச் சொல்லியாச்சு. பன்னெண்டு மணிக்குள்ள போகலைன்னா என் பொழைப்பே போயிடும் சார். எட்டு மாசம் அலைஞ்சிருக்கேன்."

"மறுக்கறீங்களா? இது ரெண்டாவது தடவை ஆயிடும். ரெண்டாவது தடவைக்கு அபராதம் கிடையாது, உள்ள போகணும்" என்றார் இயக்குநர், பிள்ளைக்கு மருந்து புகட்டும் குரலில்.

ஆறு கோழிக்கு இருநூற்று நாற்பது புதுநோட்டு அவள் கைக்கு வந்தது. சந்தையில் அதற்கு இரண்டு ரொட்டி கிடைக்கும், விற்பவன் நல்ல மனநிலையில் இருந்தால். கூடை பின்பக்கச் சமையலறைக்குப் போயிற்று. அன்று மதியம் வாரிய உறுப்பினர்களின் கூட்டம். கூட்டத்துக்கு ஸாட்ஸா களி தயாராகிக்கொண்டிருந்தது, தொட்டுக்கொள்ளத்தான் ஒன்றுமில்லை என்ற கவலை இப்போது தீர்ந்தது. முச்சனேட்டாவுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. இவர்கள் முன்னால் அழக்கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டாள். சுவர்க் கடிகாரம் பதினொன்றரையைத் தொட்டுக்கொண்டிருந்தது.

மூன்றாவது கட்டம் அபராதம். காசாளர் ஜன்னலுக்கு மேல் பதினாலாம் பிரிவு மரச்சட்டம் போட்டு மாட்டியிருந்தது. அதற்குப் பக்கத்தில் வாரிய ரேட்: ஒரு டாலருக்குப் பன்னிரண்டு புதுநோட்டு. இருபது டாலர் அபராதத்துக்குச் சரியாக இருநூற்று நாற்பது. முச்சனேட்டா கையிலிருந்த கட்டை அப்படியே உள்ளே தள்ளினாள். போனது போகட்டும், விட்டால் போதும் என்றிருந்தது அவளுக்கு.

கட்டு அதே வேகத்தில் வெளியே வந்தது.

"அபராதம் டாலர்ல மட்டும்தான்மா" என்றார் காசாளர் அம்மாள்.

"இது பணம்னு இப்பதானே மேடம் சொல்லிக் குடுத்தீங்க?"

"பணம்தான். யார் இல்லைன்னா? ஆனா இங்க வாங்கறதில்லை. ஒரு தடவை தெரியாம வாங்கிட்டு என் சம்பளத்துல பிடிச்சாங்க."

நியாகுத்யா ஜன்னலருகே வந்தார். சுவரிலிருந்த பிரிவைப் படித்தார். மூக்குக்கண்ணாடியைத் துடைத்துவிட்டு மறுபடி படித்தார். குற்றவாளிகளைக் கொண்டுவந்து ஒப்படைப்பதோடு அவர் வேலை முடிந்துவிடும். அவர்கள் அபராதம் கட்டுவதை அவர் நின்று பார்த்ததே இல்லை.

"மேடம், இவங்க நீட்டினதை நீங்க வாங்க மறுத்தீங்களா?" என்றார். பேனா மூடியைத் திறந்தாகிவிட்டது.

விஷயம் மாடிக்குப் போய், இயக்குநர் இறங்கி வந்தார். சமையலறையில் வெந்நீர் கொதிக்கிறதா என்று பார்த்துவிட்டு வந்ததால் நல்ல மனநிலையில் இருந்தார். நியாகுத்யாவின் தோளில் கைபோட்டார்.

"தம்பி, நோட்டை வெளியிடறது நம்ம வேலை. அதை வாங்கறது மக்களோட வேலை. வெளியிடறதையும் நாமளே செஞ்சு வாங்கறதையும் நாமளே செஞ்சுட்டா, மக்களுக்குன்னு என்னதான் வேலை? அவங்களும் தேசத்துக்கு ஏதாச்சும் பண்ண வேண்டாமா?"

"பிரிவுல 'எவரும்'னுதான் சார் இருக்கு. 'வாரியம் நீங்கலாக'ன்னு இல்லை."

"அவசரத்துல அச்சடிச்சது."

"அதே அச்சகம்தான் சார் நோட்டையும் அச்சடிச்சது" என்றார் நியாகுத்யா. அவர் கிண்டல் தெரிந்தவர் அல்ல. தகவலாகத்தான் சொன்னார். சொல்லிக்கொண்டே எழுதினார். "இவங்க நீட்டினது சட்டப்படி செல்லுபடியான பணம். முறையா நீட்டிட்டாங்க. வாங்காதது நம்ம குத்தம். அபராதம் தீர்ந்துபோச்சு. காசாளர் மேல ஒரு வழக்கு, காசாளருக்கு உத்தரவு போட்டவர் மேல ஒரு வழக்கு."

இயக்குநரின் கை தோளிலிருந்து இறங்கியது.

முச்சனேட்டாவுக்கு இந்த வாதப் பிரதிவாதத்தில் பாதி விளங்கவில்லை. ஆனால் ஒன்று விளங்கியது. இந்த டை கட்டின பைத்தியம் எந்த ஆளின் பக்கமும் நிற்கிறவர் இல்லை, புத்தகத்தின் பக்கம் நிற்கிறவர். அவர் முழங்கையைத் தொட்டாள்.

"சார், இதே நோட்டைக் குடுத்து என் கோழியைத் திரும்ப வாங்கிக்கலாமா?"

நியாகுத்யா தன் சட்டப் புத்தகத்தை எடுத்துப் பக்கம் புரட்டினார். "விலைப் பட்டியல்ல உள்ள பொருளுக்கு, பட்டியல் விலையைப் புதுநோட்டா நீட்டினா, பொருளை வெச்சிருக்கிறவர் மறுக்கக் கூடாது. கோழி பட்டியல்ல இருக்கும்மா. நாற்பது."

அவர் புத்தகத்தை மூடுவதற்குள் அவள் பின்பக்கம் ஓடிவிட்டாள். வாரியச் சமையல்காரன் அப்போதுதான் முதல் கோழியின் காலைப் பிடித்துத் தூக்கியிருந்தான். நோட்டுக் கட்டை மாவுப் பலகைமேல் வைத்தாள், கோழியைப் பிடுங்கிக் கூடையில் போட்டாள், கூடையைத் தலைமேல் ஏற்றினாள். "வெல குடுத்தாச்சு!" என்று ஒரு கத்தல். சமையல்காரன் கட்டையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தான். பின்னாலேயே வந்த நியாகுத்யா கட்டை எண்ணிப் பார்த்தார். அவள் முற்றத்தைக் கடந்து இரும்பு வாசலை நோக்கி ஓடினாள்.

காசாளர் ஜன்னல் பக்கமிருந்து இயக்குநர் பாய்ந்து வந்தார். அந்த உடம்பில் அவ்வளவு வேகம் இருப்பது யாருக்கும் தெரிந்திருக்கவில்லை.

"டொபாய்வா! வாசலைச் சாத்து! திருடி! ஒரு காசு குடுக்காம கோழியைத் தூக்கிட்டு ஓடறா!"

டொபாய்வா தாழ்ப்பாளைப் போட்டார். முச்சனேட்டா மூச்சிரைக்க அவர் முன்னால் நின்றாள்.

"குடுத்திருக்காங்க சார்" என்று பின்னாலிருந்து நியாகுத்யாவின் குரல் வந்தது. "இருநூத்தி நாற்பது. மாவுப் பலகை மேல இருக்கு. நான் பாத்தேன்."

"யோவ், அதெல்லாம் ஒரு பணமாய்யா?" என்று இயக்குநர் அடித்தொண்டையிலிருந்து கத்தினார். "அடுப்புப் பத்தவெக்கக்கூட லாயக்கில்லாத காகிதம்! அதுக்குப் போய் ஆறு கோழியைக் குடுப்பானாய்யா எவனாச்சும்?"

மாடியில் தட்டச்சுச் சத்தம் நின்றது. ஜன்னல்கள் ஒவ்வொன்றாகத் திறந்தன. செலாவணி நம்பிக்கை வாரியம் தன் செலாவணியைப் பற்றிப் பகிரங்கமாகக் கருத்துத் தெரிவித்தது அதுவே முதல் தடவை. நியாகுத்யா அதை ஒரு சொல் விடாமல் எழுதிக்கொண்டார்.

டொபாய்வா தாழ்ப்பாளில் கை வைத்தபடி நின்றார். அவர் இயக்குநரிடம் இதுவரை வணக்கத்தைத் தவிர வேறு எதுவும் பேசியதில்லை.

"அது பணமில்லையா சார்?"

"உனக்கு ஒண்ணும் தெரியாது. நீ வாசலைப் பாரு."

"இல்ல சார், கேக்கறேன். அது பணமில்லேன்னா ரெண்டு வருஷமா மாசாமாசம் எனக்கு என்னத்தைக் குடுத்தீங்க?"

இயக்குநர் வாயைத் திறந்தார். பணமில்லை என்றால் பதினாலாம் பிரிவு. பணம்தான் என்றால் கோழிகளுக்கு விலை கொடுத்தாகிவிட்டது. கடைசியில், "அது பத்தி ஒரு சுற்றறிக்கை வரும்" என்றார்.

டொபாய்வா தாழ்ப்பாளை விலக்கினார். "ஓடுக்கா" என்றார். ஹோட்டல் இரண்டு தெரு தள்ளித்தான் இருந்தது. கடைத்தெருவே ஒதுங்கி வழிவிட அவள் கூடையோடு ஓடினாள். ஹோட்டல் பின்வாசலில் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்ற சமையல்காரர் ஆறு கோழியையும் தூக்கிப் பார்த்துவிட்டு, அடுத்த வெள்ளிக்கிழமையும் இதே நேரம் என்றார்.

வாரியத்தின் வாசல் திறந்தேதான் கிடந்தது. இயக்குநர் உள்ளே போகத் திரும்பினார், முடியவில்லை. காசாளர் அம்மாள் ஜன்னலை விட்டு வெளியே வந்திருந்தார். தட்டச்சு செய்யும் பெண்கள், டிரைவர், பெருக்குகிறவர், கையில் கத்தியோடு சமையல்காரன், கடைசியாக நியாகுத்யா என்று புதுநோட்டில் சம்பளம் வாங்குகிற எல்லாரும் அவரைச் சுற்றி நின்றார்கள். யாரும் கத்தவில்லை, அவரைத் தொடவில்லை. டொபாய்வா கேட்டதற்குப் பதில் வரட்டும் என்று காத்துக்கொண்டிருந்தார்கள்.